இந்த வருஷத்து முதல் போணி

ஜனவரி 3-ஆம் தேதியே போணி ஆயிடுச்சு! 12-க்கு 10 அங்குலம், நான் வரைஞ்ச தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்க் கிருஷ்ணன். மன்னார்குடிக்காரர் ஒருத்தர், பேத்திக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்குன்னு எடுத்துக்கிட்டார்.

அந்தப் படம் என்னைப் படுத்திய பாடு இருக்கே! மார்கழிப் பனியில, படத்துல மேடு கட்டுற சுக்கான் மாவுப் (சுண்ணாம்புக்கல் பொடி) பூச்சு காயவே இல்லை. அவசரப்பட்டு அது மேல தங்க ரேக்கை (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டினேன். வெண்ணெய்ப் பானை விளிம்புல மயிரிழை விரிசல். சுரண்டி எடுத்து, பசை குழைச்சு, மறுபடி மேடு கட்டி, நாலு நாள் மொட்டைமாடி வெயில். (ரேக்கு விக்கிற விலைக்கு வயிறு எரிஞ்சுது.)

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. இன்னமும் "பிரிண்ட்தானே?"ன்னு கேக்குறவங்க உண்டு. இவர் கேக்கலை, பேரமும் பேசலை. 4,500 ரூபாய். அதுல ஐந்நூறைச் சாமி படத்துக்கு முன்னால வச்ச அம்மா, சாயங்காலமே எடுத்துக்கிட்டுப் பொங்கலுக்கு வெல்லம் வாங்கக் கிளம்பிட்டாங்க.