டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர்ல சொந்தமா ஒரு ஷெல்

டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட பழைய டிஐ-83 பிளஸ், 84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டர்ல கேம் வெளையாடினவங்களுக்கு ஷெல்னா தெரியும். தெரியாதவங்களுக்கு: அசெம்ப்ளி ப்ரோக்ராம (ப்ராசஸரோட மொழிலயே எழுதினது) ஓட்டணும்னா கேட்டலாக்ல போய் ஆஸ்ம் கமாண்ட எடுத்து, பக்கத்துல ப்ரோக்ராம் பேர ஒட்டி என்டர் அடிக்கணும், ஒவ்வொரு தடவையும். அதுக்கு பதிலா எல்லாத்தையும் லிஸ்ட்டா காட்டி, செலக்ட் பண்ணா ஓட்டிட்டு திரும்ப லிஸ்ட்டுக்கே வர்றதுதான் ஷெல். அயான், மிராஜ்ஓஎஸ், டோர்ஸ் சிஎஸ்னு அருமையானதெல்லாம் எப்பவோ வந்தாச்சு. இருந்தும் நான் எழுதினது உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கற ஆசைதான், வேற ஒண்ணுமில்ல.

எழுதினது இந்த கால்குலேட்டரோட ப்ராசஸரான இசட்80க்கான அசெம்ப்ளில, அத மெஷின் கோடா மாத்தற அசெம்ப்ளர் ஸ்பாஸ்ம், டெஸ்ட் பண்றது கம்ப்யூட்டர்லயே கால்குலேட்டர் மாதிரி ஓடற வாபிட்எமு எமுலேட்டர்ல. நேரா கால்குலேட்டர்ல டெஸ்ட் பண்ணாதீங்க. ஒரு பைட் பிசகினாலும் "ரேம் க்ளியர்ட்"னு வந்து நிக்கும், ஆர்க்கைவ்ல, அதாவது ஃப்ளாஷ் மெமரில, இருக்கறது மட்டும்தான் பொழைக்கும்.

லிஸ்ட் எடுக்கறது சுலபம்னுதான் எல்லாரும் நெனப்போம். எந்த ப்ரோக்ராம் எங்க இருக்குங்கற விவரம் விஏடின்னு ஒரு டேபிள்ல இருக்கு, ஆனா அது மெமரியோட மேல் கோடில ஆரம்பிச்சு கீழ் நோக்கி வளருது, அதனால ஒவ்வொரு என்ட்ரியையும் பின்னோக்கிதான் படிக்கணும்: டைப், அப்புறம் அட்ரஸ், பேஜ் நம்பர், பேரோட நீளம், கடைசில பேரு, அதுவும் அட்ரஸ் கொறைய கொறைய ஒவ்வொரு எழுத்தா. அகர வரிசையும் கெடையாது, சார்ட் பண்றது நம்ம பொறுப்பு. போதாக்குறைக்கு "!", "#"னு ஓஎஸ் தனக்குன்னு வெச்சிருக்கற ரெண்டு ப்ரோக்ராமும் லிஸ்ட்ல வந்து உக்காரும், அதையும் தள்ளணும்.

நெஜமான தலைவலி ஓட்டறதுலதான். அசெம்ப்ளி ப்ரோக்ராம் எல்லாமே ஹெக்ஸ்ல 9டி95ங்கற அட்ரஸ்ல, அதாவது சாதாரண எண்ல 40341ல, இருந்தாதான் ஓடும், ஆஸ்ம் கமாண்ட் அங்க ஒரு காப்பி போட்டுதான் ஓட்டுது. இப்ப என் ஷெல்லும் அதே எடத்துல ஓடிக்கிட்டிருக்கு. நாம உக்காந்திருக்கற நாற்காலிலயே இன்னொருத்தர உக்கார வெக்கணும், அவர் எந்திரிச்சதும் நாம திரும்ப அதுலயே உக்காரணும்!

அதனால ஒரு குட்டி ரொட்டீன (ஒரு வேலைக்கான கோட் துண்ட) ஆப்பேக்கப்ஸ்க்ரீன்னு ஓஎஸ் விட்டு வெச்சிருக்கற 768 பைட் எடத்துக்கு காப்பி பண்ணி அங்க தாவிடணும். அங்கேர்ந்து ஓஎஸ்ஸோட டெல்மெம் ரொட்டீன கூப்ட்டு ஷெல்லோட காப்பிய அழிச்சு, இன்சர்ட்மெம் கூப்ட்டு கேமுக்கு எடம் பண்ணி, கேம காப்பி பண்ணணும். எடம் பண்ணதும் மெமரில இருக்கற எல்லாமே நகந்துடும், கேமோட பழைய அட்ரஸ் செல்லாது, விஏடில மறுபடி தேடணும். ஆனா கேமும் அதே 768 பைட்ட தன்னோட வேரியபிளுக்கு எடுத்துக்கும், திரும்பி வந்தா நம்ம ரொட்டீனே இருக்காது. நான் கண்டுபிடிச்ச வழி, கேமுக்கு வேண்டியதவிட கொஞ்சம் கூடுதலா எடம் வாங்கி, கேமோட வால்ல ஒரு சின்ன கோட ஒட்டிட்டேன். கேம் முடிஞ்சதும் அங்கதான் வரும், அது தன்ன பழையபடி அந்த 768க்குள்ள காப்பி பண்ணிக்கிட்டு கேம அழிச்சு ஷெல்ல கொண்டு வரும். இதெல்லாம் 49152க்கு கீழதான் இருக்கணும், அதுக்கு மேல கோட் ஓட கால்குலேட்டர் விடாது, அந்த 8811 பைட்டுக்குள்ள கேமும் வாலும் அடங்கணும்.

ஹைஸ்கோர் விஷயமும் இருக்கு. பாதி கேம் ஸ்கோர தன் உடம்புக்குள்ளயே எழுதிக்கும், ஆனா ஓடறது காப்பிங்கறதால ஒரிஜினல்ல ஏறாது. அழிக்கறதுக்கு முன்னாடி திருப்பி காப்பி பண்ணி எழுதிட்டேன், ஆஸ்ம்ல ஓட்டினா கெடைக்காத வசதி இது.

மிராஜ்ஓஎஸ் மாதிரி ஃப்ளாஷ் ஆப்பா (ஃப்ளாஷ் மெமரிலேர்ந்தே ஓடற ப்ரோக்ராமா) எழுதியிருந்தா இந்த நாற்காலி சண்டையே கெடையாது, ஆப் தனி பேஜ்லேர்ந்து ஓடும். புதுசா எழுதறவங்க அந்த வழில போங்க. என்னோடதுல அயான் கேம் எல்லாம் இன்னும் முழுசா ஓடாது, அதுங்களுக்கு ஷெல்லே லைப்ரரி ரொட்டீன் குடுக்கணும், இப்போதைக்கு ஃபாஸ்ட்காப்பி (படத்த வேகமா ஸ்க்ரீனுக்கு அனுப்பறது) மட்டும் போட்டிருக்கேன், ஸ்ப்ரைட் (குட்டி படம் வரையறது) ரொட்டீன் அடுத்து.