மணலில் இறங்கிய ஜாக்

எனக்கு வெளிக்கள வேலை. வீடு மட்டக்களப்புக் கல்லடியில். கிழமைக்கு மூன்று நாள் வாகரைப் பக்கம் போகவேண்டும்; போய்வர நூறு கிலோமீற்றருக்கு மேல். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஆல்ட்டோ காரை மாற்றும் யோசனையையும் விட்டுவிட்டேன்.

2022இல் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்சில்லில் கிறீச்சென்று ஒரு சத்தம். ஒரு கராஜில் விட்டேன். பார்த்தாயிற்று, தூசிதான் என்று துடைத்துக் காசும் வாங்கினார்கள். சில கிழமைகளில் கிறீச் போய், இரும்பை இரும்பு அராவுகிற சத்தம் வந்தது. பனிச்சங்கேணியில் மாடொன்று குறுக்கே வந்தபோது கார் ஒரு பக்கமாக இழுத்து, மாட்டுக்கு அரை அடி முன்னால் நின்றது.

பக்கத்து வீட்டு மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தைக் கேட்டதுமே, “சில்லைக் கழட்டிப் பாத்தியா மனே?” என்றார். நான் எங்கே பார்த்தேன்!

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். ஸ்பானரைத் தொடும் முன்னரே அரை மணி போனது. ஹேண்ட் பிரேக், பின்சில்லுகளுக்குக் கல், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துவது, ஜாக்கின் கீழே தடித்த பலகை, தூக்கியதும் காரைத் தாங்க ஸ்டாண்ட், கழற்றிய சில்லைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்கவைப்பது. எங்கள் முற்றம் கடற்கரை மணல். பலகை எதற்கு என்று எனக்குள் சலிப்புத்தான்.

சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது பிரேக் பேட்கள். அதில் வெளிப்பேட் நல்ல தடிப்பில் இருந்தது. உள்பேட்டில் தகடு மட்டுமே மிச்சம். டிஸ்க்கும் வரிவரியாகக் கீறியிருந்தது. பேட்களை டிஸ்க்கோடு அழுத்துகிற கலிப்பர் வழுக்கி ஓடும் பின்கள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டதால் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது. முதலில் வந்த கிறீச்சும் தூசியல்ல. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள்.

தூசியை ஊத விடவில்லை. பழைய பேட்களில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாமாம், மூச்சில் போனால் கேடு; ஈரத்துணியால் துடைத்தோம். கலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். இரண்டு பக்கத்துக்கும் புது டிஸ்க், புது பேட். பின்களுக்கு மட்டும் கிறீஸ், பேட்டின் முகத்தில் ஒரு பொட்டும் படக்கூடாது.

வலப்பக்கம் முடிந்ததும் மாமா தேத்தண்ணி குடிக்கப் போனார். கெட்டிக்காரத்தனம் காட்ட நினைத்து, பலகையில்லாமல் இடப்பக்கத்தைத் தூக்கிச் சில்லைக் கழற்றி, பழக்கத்தில் அதைக் கீழே தள்ளிவிட்டு, ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன். ஜாக் மணலில் சரிந்தது. கார் சில்லின்மேல் தொப்பென்று உட்கார்ந்தது. மாமா கோப்பையோடு வந்து பார்த்தார். ஏசவில்லை. பலகையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

எல்லாம் பூட்டியதும் பெடலை மிதித்தேன். தரையோடு போனது! எனக்கு வியர்த்துவிட்டது. புது பேட் போட, பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் அப்படித்தான் இருக்கும், இறுகும்வரை மிதி என்றார். நாலைந்து மிதியில் இறுகியது. இதை மறந்து ரோட்டுக்கு இறங்கியிருந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருந்திருக்காது. பிறகு ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். பிரேக் ஒயில் குழாய்ப் பக்கம் மட்டும் நான் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்றுவரை வைக்கவில்லை.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் தன் காருக்கும் பேட் மாற்றித்தரக் கேட்டார். முற்றம் சீமெந்தா மணலா என்றேன். நாவலடி வீடு, மணல்தான். பலகையையும் தூக்கிக்கொண்டு போனேன்.