வந்ததுல இருந்து

மே 9
வந்து சேந்தாச்சு. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறினது தான் தெரியும், முழிச்சுப் பாத்தா திருக்கடையூர், அப்புறம் எங்க ஊரு பொறையாரு. வாசல்ல அப்பா நிக்கறாரு, சட்டை தொளதொளன்னு தொங்குது. வீடியோ கால்ல கழுத்துக்கு மேல மட்டும் தான் காட்டியிருக்காங்க, அப்பாவும் அம்மாவும் பேசி வெச்சுக்கிட்டு.

மே 10
தூக்கம் வரல. கரெண்ட் வேற போயிப் போயி வருது.

மே 11
ஞாயித்துக்கிழமை. ஜெர்மனியில நான் இருந்த ஹாலே ஊர்ல இன்னைக்கு ஒரு கடை தொறந்திருக்காது, பால் பிரெட் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கணும், மறந்தா ரயில்வே ஸ்டேஷன் கடைக்குத் தான் ஓடணும். முதல் வருஷம் அந்த அமைதியில பைத்தியமே பிடிச்சுடும்னு நெனச்சேன். இங்க விடிய அஞ்சு மணிக்கே கோயில் மைக்செட், மீன்காரம்மா, எதிர்வீட்டு சித்தி "வெள்ளையாயிட்டியேடி"ன்னு கன்னத்தைக் கிள்ளறாங்க. சந்தோஷமா இருக்குன்னு எழுதலாம்னு தான் உக்காந்தேன். தலைவலி தான் இருக்கு.

மே 13
செவ்வாய், வெள்ளி. இந்த வீட்டுல இனிமே வேற கிழமை கெடையாது.

மயிலாடுதுறைக்கு அப்பாவோட கிட்னி டயாலிசிஸுக்கு நானும் போனேன். உள்ள போனதும் வெயிட் பாக்கறாங்க, 61.8. இருக்க வேண்டியது 59. மிச்சம் 2.8 கிலோவும் ஒடம்புல தங்கிப்போன தண்ணி, நாலு மணி நேரத்துல மெஷின் எடுத்துடும். அப்பா இடது கையை நீட்டி, பிஸ்டுலா போட்ட எடத்துல, டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயைச் சேத்து தெச்ச எடம், வெரலை வெச்சுப் பாரு பாப்பான்னாரு. தோலுக்கடியில தேனீ மாட்டிக்கிட்ட மாதிரி கிர்ர்ருங்குது. அது நின்னா உடனே ஓடி வரணும்னு நர்ஸ் சொன்னாங்க. இப்போ ராத்திரி எழுந்து எழுந்து தொட்டுப் பாக்கறேன்.

ரத்தத்தை வடிகட்டற அந்த டயலைசர் குழாய் இருக்கே, உள்ள ஆயிரக்கணக்கான நூல், ஒவ்வொரு நூலும் பொந்து, உள்ளுக்குள்ள ரத்தம் ஒரு பக்கமா ஓடும், வெளிய மருந்துத் தண்ணி எதிர்ப்பக்கமா ஓடும், அழுக்கு நூல் சுவரு வழியா தாண்டும். பெரும்பாலும் பாலிசல்ஃபோன்ங்கற பிளாஸ்டிக் தான். நான் ரெண்டு வருஷம் லேப்ல கட்டிக்கிட்டு அழுததும் பாலிமர் சவ்வு தான். துளை அளவு, சுவர் கனம்னு கிராஃப் போட்டிருக்கேன். இங்க அது மேல மார்க்கர்ல அப்பா பேரு எழுதியிருக்கு, கழுவி அவருக்கே திரும்பப் போடுவாங்களாம். அந்தப் பேரைப் பாத்துட்டு பாத்ரூம் போயிட்டு வந்தேன்.

மே 20
கத்திரி. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணி தான். அம்மா காலைல பாட்டில்ல அளந்து வெச்சுடுது, மோரு, ரசம், மாத்திரை போட குடிக்கற தண்ணி எல்லாம் அதுல கணக்கு. தாகம்னா ஐஸ் துண்டு ஒண்ணு வாயில. ராத்திரி அடுக்களையில சொம்பு சத்தம் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு, அம்மாவுக்கும் கேட்டிருக்கும். யாரும் எழுந்திருக்கல.

மே 21
வேற என்ன, வெயிட் ஏறிடுச்சு.

ஜூன் 3
சைக்கிள் ஹாலே ஸ்டேஷன்ல ஸ்டாண்டுல தான் நிக்குது. சாவி என் பர்ஸ்ல. ஒரு மாசத்துல வந்துடுவோமேன்னு யார்கிட்டயும் குடுக்கல. ரொம்ப நாள் அப்படியே நின்னா நோட்டீஸ் மாட்டி அப்புறம் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கூட இருந்த மெக்சிகோக்காரி போட்டோ அனுப்பினா, சீட்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் மாட்டி விட்டிருக்கா. அவளுக்கு ஒரு கும்பிடு.

ஜூன் 17
ஜெர்மனியில தங்கி வேலை தேட 18 மாசம் கார்டு குடுத்திருக்காங்க. ஆனா ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா கார்டு செல்லாது, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அவங்க ஒத்துக்கிட்டா தான் உண்டு. எழுதிட்டேன். பதில் இல்ல.

ஜூலை 9
ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில வந்து எறங்கின நாள், 1706. சின்னப் புள்ளையில வருஷா வருஷம் பீச்சுக்கு கூட்டிட்டுப் போவாங்க, அவரு ஹாலேல படிச்சவருன்னு அங்க போனப்புறம் தான் தெரியும். அங்க ஃபிராங்கே ஃபவுண்டேஷன்னு ஒரு பழைய நிறுவனம், அதோட ஆர்க்கைவ்ல நம்ம ஊரு ஓலைச்சுவடி இருக்கு, நான் பொறையாருன்னதும் அங்க இருந்தவங்க ரொம்ப பழக்கப்பட்ட ஊரு மாதிரி தலையாட்டினாங்க. இந்த உலகத்துல பொறையாரைத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணு தான்.

எனக்கு அவரை விட மலையப்பன் மேல தான் கண்ணு. 1714-ல சீகன்பால்கு ஐரோப்பா போனப்ப கூடவே கூட்டிட்டுப் போன நம்ம பையன், 1716-ல திரும்பி வந்தாச்சு. அங்க பனி எப்படி, என்ன சாப்ட்டேன்னு ஊரே கேட்டிருக்கும். ஒரு வாரத்துக்கு. அப்புறம்?

ஜூலை 22
பதில் இல்ல.

ஆகஸ்ட் 14
அப்பாவுக்கு எளநி கூடாது, வாழைப்பழம் கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடும். வீட்டுப் பின்னாடி நிக்கறது எல்லாம் தென்னையும் வாழையும்.

செப்டம்பர் 11
லைப்சிக் பக்கத்துல ஒரு கம்பெனி, ஆன்லைன்ல இன்டர்வியூ. நல்லாவே போச்சு, ஜெர்மன் கூட ஒழுங்கா வந்துச்சு. எப்போ சேரலாம்னு கேட்டாங்க. அந்த நேரம் பாத்து அம்மா கதவைத் தொறந்து டீ டம்ளரோட நிக்குது. டிசம்பர்னு சொல்லிட்டேன். எங்கேர்ந்து வந்துச்சு அந்த டிசம்பர்னு தெரியல.

சாயங்காலம் அத்தை ஜாதகம் கேட்டு வந்தாங்க. "வந்துட்டா இல்ல, அப்புறம் என்ன?" அம்மா என்னைப் பாத்துச்சு, நான் ஃபேனைப் பாத்தேன்.

அக்டோபர் 20
தீபாவளி. மழை. அப்பாவுக்கு பாதி அதிரசம்.

அக்டோபர் 26
ஜெர்மனியில இன்னைக்கு குளிர்காலக் கணக்குக்கு மணியை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிட்டாங்க. நேத்து வரைக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம், இன்னைலேர்ந்து நாலரை. நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா தள்ளிப் போகுது. கோவம் கோவமா வருது.

மலையப்பன் கப்பல்ல வந்தான், மாசக்கணக்குல. வர்ற வழியிலயே கொஞ்சம் கொஞ்சமா ஊருக்காரனா ஆயிருப்பான். எனக்கு அந்த நேரம் கூட இல்ல, ஃபிராங்ஃபர்ட்ல சாப்ட்ட பிரெட் செரிக்கறதுக்குள்ள சென்னை.

அக்டோபர் 30
கார்டு ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துச்சு. உங்க கடிதம் கெடச்சது, பரிசீலனையில இருக்குன்னு ரெண்டே வரி. அவ்ளோ தான்.

நவம்பர் 4
வெயிட் 60.9, பரவாயில்ல. பக்கத்து பெட் தாத்தா ரெண்டு வாரமா வரல, யாரும் கேக்கல. ஊசி குத்தினப்புறம் அப்பா கண்ணை மூடிக்கிட்டே, "டிக்கெட் எவ்ளோ பாப்பா போகுது?"ன்னாரு.

போறதுக்கு மட்டுமா, போயிட்டு வர்றதுக்கான்னு கேட்டேன்.

"ரெண்டையும் பாத்து சொல்லு."