பெலிஸ்தர் மறைந்தார்கள், பெயர் தங்கிவிட்டது

"பாலஸ்தீனம் என்ற பெயரையே ரோமானியர்கள்தான் உருவாக்கினார்கள்" என்ற பதிவு மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. அது பாதி உண்மைதான். கி.பி. 132-135 யூதக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் யூதேயா மாகாணம் 'சிரியா பாலஸ்தீனா' ஆனது. ஆனால் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அந்தப் பெயரை எழுதிவிட்டார்.

பெயரின் வேர் பைபிளில் வரும் பெலிஸ்தர்கள். தாவீது கவண்கல்லால் வீழ்த்திய ராட்சத வீரன் கோலியாத்தின் ஆட்கள் என்றால் எல்லோருக்கும் தெரியும். எகிப்தின் மெதினெத் ஹபு கோயில் சுவரில் எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேஸ் இவர்களோடு போரிட்ட காட்சி இருக்கிறது, கி.மு. 12-ம் நூற்றாண்டு. தலையில் இறகு போல நிமிர்ந்து நிற்கும் கவசம். பக்கத்திலேயே மாட்டு வண்டிகளில் பெண்களும் குழந்தைகளும்! கொள்ளையடிக்க வந்த கூட்டம் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருமா? குடியேற இடம் தேடி வந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என ஐந்து நகரங்கள் அவர்களுடையவை. அருகே மலைநாட்டில் இஸ்ரவேலர். அஸ்கலோனில் வீட்டுத் தரைக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்த பச்சைக் குழந்தைகளின் மரபணுவில் தெற்கு ஐரோப்பியக் கலப்பு இருந்ததை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. சில தலைமுறைகளில் அந்தத் தடயம் உள்ளூர் மக்களோடு கரைந்துபோனது.

அப்புறம் கி.மு. 604-ல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் அஸ்கலோனை அழித்தான். சீக்கிரமே பெலிஸ்தர் தனி இனமாக இல்லாமல் போனார்கள். ஹெரோடோட்டஸ் எழுதியது அதற்கும் பிறகு.