மாலை 5 மணிக்கு ஏறி, அதே நாள் காலை 10.30க்கு இறங்கினேன்

டிக்கெட்டைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். டோக்கியோவின் நரிதாவில் மாலை 5 மணிக்குப் புறப்பாடு, சான் பிரான்சிஸ்கோவில் காலை 10.30க்கு வருகை. தேதி இரண்டுக்கும் ஒன்றே. திரும்பும் பயணம் இன்னும் மோசம்: காலை 11க்குக் கிளம்பி மறுநாள் மதியம் 2 மணிக்கு இறங்க வேண்டும். அதாவது 27 மணி நேரமா?

யாரிடமும் கேட்டு அசடு வழிய மனமில்லை. நானே கணக்குப் போட்டேன்.

முதலில் தூரம். தேடியதில் 4,442 மைல் என்று கிடைத்தது. 1.609ஆல் பெருக்கினால் சுமார் 7,150 கி.மீ. இன்னோர் இடத்தில் 8,226 கி.மீ. என்றிருந்தது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் எங்கே போனது? அரை மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்ட பிறகுதான் உறைத்தது, முதலில் கிடைத்தது கடல் மைல். விமானத் துறையில் அதுதான் வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சரி, பெருக்கினால் 8,226 வந்துவிட்டது.

அந்தத் தூரமும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கிற கோடு அல்ல. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் நேர்கிழக்கே போனால் போதும் என்று தோன்றும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் தானாகவே வடக்கே ஏறி, 48 டிகிரி வரை போய் இறங்கியது. இதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 450 கி.மீ. கூடுதல்.

நேரத்துக்கு ஒரே வழி, எல்லாவற்றையும் யூ.டி.சி.க்கு, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்துக்கு, மாற்றுவதுதான். ஜப்பான் 9 மணி நேரம் முன்னால், கோடையில் கலிபோர்னியா 7 மணி நேரம் பின்னால். மாலை 5 என்பது 08.00, காலை 10.30 என்பது 17.30. ஆக ஒன்பதரை மணி நேரம். திரும்பும்போது 18.00லிருந்து மறுநாள் 05.00 வரை, 11 மணி நேரம். (இதில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் அடக்கம். டிக்கெட்டில் இருப்பது சக்கரம் தரையை விடும் நேரமல்ல, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம்.)

ஒரே தூரத்துக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம் ஏன் என்பதை இருக்கைக்கு முன்னால் இருந்த திரை காட்டிக்கொடுத்தது. போகும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. தரைவேகம், அதாவது தரையைக் கடக்கும் வேகம், மணிக்கு ஆயிரம் கி.மீ.யைத் தாண்டியது. திரும்பும்போது அதே காற்று எதிரில். அதற்கு ஒதுங்கி, நான் நூல் பிடித்த பாதையை விட்டு விலகியே விமானம் பறந்தது.

போன அன்று காலை 10.30ஐ இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை டோக்கியோவில் பெட்டி கட்டும்போது, அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது. அதற்கு ஈடாக, வரும்போது ஓர் இரவு காணாமல் போனது. சூரியனைத் துரத்திக்கொண்டே பறந்ததால் 11 மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பகல்தான். திரையை இறக்கிவிட்டும் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.