மூன்று இரவு, 7 கிலோ: சென்னை – சிங்கப்பூர் ஹேண்ட் லக்கேஜ் கணக்கு

சிங்கப்பூருக்கு மூன்று இரவு போய்வர செக்-இன் பெட்டி தேவையே இல்லை. ஆனால் 7 கிலோ அனுமதி என்றதும் வீட்டிலேயே 7 கிலோவை நிரப்பிவிட்டால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். கிளம்பும்போது பை 5 கிலோவில் நிற்க வேண்டும். மீதி 2 கிலோ அங்கே முஸ்தஃபா சென்டர் கடையில் வாங்கும் சாமானுக்கு.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். இண்டிகோவில் 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 செ.மீ.க்குள். அதுபோக 3 கிலோவுக்குள் ஒரு லேப்டாப் பையோ ஹேண்ட்பேக்கோ தனி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியிலும் 7 கிலோதான். மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் 10 கிலோ, ஆனால் பெரிய பை, சின்னப் பை இரண்டுக்கும் சேர்த்து. போக ஒன்று, வர ஒன்று என்று மலிவாகப் பிடித்திருந்தால், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

எடையை முதலில் தின்பது பைதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை கிலோவைத் தொடும். கடையில் ‘20 இன்ச்’ என்று விற்பது பல நேரம் பெட்டியின் உடம்பு மட்டும், அதாவது 51 செ.மீ. சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்தால் 55 செ.மீ. உயர வரம்பைத் தாண்டிவிடும், பையின் அளவு பார்க்க வைத்திருக்கும் கூண்டுக்குள் இறங்காது. 30–35 லிட்டர் துணி பேக்பேக் ஒரு கிலோதான் வரும். முதுகு வலி இல்லாதவர்களுக்கு அதுவே போதும்.

இனி உள்ளே போவது. சட்டை, டி-ஷர்ட் மூன்று, ஒன்று 200 கிராம் என்று 600. பேண்ட் ஒன்று 450. உள்ளாடை 300. லுங்கியோ நைட்டியோ 250. துண்டு 150. இந்தத் துண்டு ஈரோட்டுப் பருத்தித் துண்டாக இருக்க வேண்டும். டர்க்கி டவல் அரை கிலோ இழுக்கும், காயவும் செய்யாது. ரப்பர் செருப்பு 300. குளியல் சாமான் 450. சார்ஜர், 10,000 எம்ஏஎச் பவர்பேங்க், அடாப்டர் சேர்ந்து 450. மருந்து, காகிதங்கள் 250. குடை 250, அந்த ஊர் மழைக்கு அது இல்லாமல் முடியாது. முறுக்கு, தட்டை வகையறா அரை கிலோ. பையோடு கூட்டினால் 4 கிலோ 950 கிராம். இதில் லேப்டாப்பும் அதன் சார்ஜரும் ஏறினால் 1.8 கிலோ போய்விடும். திரும்பும்போது கையில் மிஞ்சுவது 250 கிராம். வேலை இல்லாத பயணத்துக்கு லேப்டாப்பை வீட்டில் விடுங்கள். ஜீன்ஸ் உடம்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். ஷூவும் அப்படியே.

காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் உறைகள் இப்போது எல்லாரிடமும் இருக்கின்றன. அவை இடத்தைத்தான் குறைக்கும், எடையை அல்ல. 9 கிலோ துணி அழகாகச் சுருங்கி உள்ளே உட்கார்ந்துகொள்ளும், கவுண்டர் தராசில் ஏறும்வரை தெரியாது.

திரவத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது: ஒவ்வொரு குப்பியும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே ஒளிபுகும் ஜிப் உறையில், சுமார் 20க்கு 20 செ.மீ. பாதுகாப்புச் சோதனையில் பார்ப்பது குப்பியின் கொள்ளளவை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல. 150 கிராம் பேஸ்ட் டியூப் முக்கால்வாசி தீர்ந்திருந்தாலும் குப்பைத்தொட்டிதான். கட்டிச் சோப்பு திரவம் இல்லை, ஷேவிங் கிரீம் திரவம். அல்வா, தொக்கு, தயிர் சாதம் எல்லாம் குழைவு என்ற கணக்கில் சிக்கும்.

தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் 50 மி.லி. குப்பி போதும். கேபினில் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு, கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருப்பது போல. குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். குப்பியை லேசாக அமுக்கி, காற்று வெளியேறியதும் அமுக்கியபடியே மூடினால் கசியாது. மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளும் வையுங்கள்.

சாப்பாட்டுப் பொருளில் இந்தியப் பாதுகாப்புச் சோதனையிலேயே நிற்பவை மிளகாய் ஊறுகாய், மிளகாய்த்தூள், கொப்பரை. இட்லிப் பொடி அங்கே நிற்கும் அதிகாரியைப் பொறுத்தது, நம்பி எடுத்துப்போக வேண்டாம். கொப்பரையில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பற்றும். (சபரிமலை இருமுடித் தேங்காய்க்கே 2024 அக்டோபரில் தனி அனுமதி தர வேண்டியிருந்தது, அதுவும் 2025 ஜனவரி 20 வரைதான்.) சிங்கப்பூர் பக்கம் சூயிங்கம், இ-சிகரெட் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன்னில் போகாது. வரம்பு 100 வாட்-அவர். எம்ஏஎச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. அச்சு அழிந்து எண் தெரியாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களுக்குள் அதை சார்ஜ் போடவும் கூடாது, அதிலிருந்து போனுக்கு ஏற்றவும் கூடாது. அங்கே சுவரில் சதுர மூன்று முள் பிளக். நம் உருண்டை முள் நுழையாது, அடாப்டர் இங்கேயே வாங்குவது மலிவு.

எடை போட தனித் தராசு வேண்டாம். வீட்டில் ஆள் நிற்கும் தராசு இருந்தால் பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பெரிய எண்ணை எடுங்கள். இருநூறு கிராம் முன்னே பின்னே காட்டும் என்பதால் 6.7க்கு மேல் போகாதீர்கள். அதுவும் இல்லையென்றால் தெருமுனைப் பழைய பேப்பர் கடை இருக்கிறது.

திரும்பும் நாள் காலையில் துண்டை நனைக்காதீர்கள். பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும், அந்த ஊர் ஈரக்காற்றில் அரை நாளில் காயாது. கோடாலித் தைலம் ஊருக்கெல்லாம் வாங்குவதுதான் வழக்கம். 56 மி.லி. பாட்டில் 100க்குள் அடங்கும், ஆனால் அந்த ஒரே ஜிப் உறைக்குள் எண்ணெயும் பேஸ்ட்டும் போக எத்தனை பாட்டில் நிற்கும் என்று ஹோட்டலிலேயே அடுக்கிப் பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் கேட் வாசலில்தான். குடியேற்றம் தாண்டி, கேட் வரை வந்த பிறகு கூடுதல் பாட்டிலோடு செக்-இன் கவுண்டருக்குத் திரும்பிப் போக நேரம் இருக்காது. தண்ணீர் பாட்டிலையும் அங்கேதான் காலி செய்யச் சொல்வார்கள், குடித்துவிட்டுப் போங்கள்.