கொள்ளுத்தாத்தாவின் கடைப் பேரேடு: இதுவரை

முதலில் பூச்சியைக் கவனித்தேன். பேரேட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வருவதற்குள் பிரித்தால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டியதோடு சரி.

லேமினேட் செய்யச் சொல்லாத உறவினர் இல்லை. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பழுப்பேறிய நிறத்தைப் பார்த்தால் மை கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்தது. அழுத்தி எழுதிய சுழிகளில் தாளே அரித்து ஓட்டையாகியிருக்கிறது. இப்படிப்பட்ட தாளில் ஈரம் பட்டால் மையிலுள்ள இரும்பு இன்னும் பரவும். அதனால் பசை வைத்து ஒட்டும் வேலையையும் தொடவில்லை. சித்தி கொடுத்த வசம்பு மட்டும் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் இருக்கிறது.

மங்கிய பக்கங்களுக்கு ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச் கைகொடுத்தது. இருட்டறையில் தாள் நீலமாக ஒளிர, எழுத்து கறுப்பாகத் தெரிகிறது. அந்த வெளிச்சம் தாளுக்கு நல்லதல்ல என்பதால், போட்டோ எடுத்ததும் அணைத்துவிடுவேன்.

தேதிதான் சுவாரஸ்யம். ‘காளயுக்தி ௵ ஐப்பசி ௴’ (௵ வருடம், ௴ மாதம்) என்று இருக்கிறது, ஆங்கில ஆண்டு எங்கும் இல்லை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1858, 1918, 1978 மூன்றும் காளயுக்திதான். விலை அணாவில் இருப்பதால் 1978 அடிபட்டுப் போகிறது. 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது. 1858-ஐத் தள்ளியது ஒரே ஒரு வரி: ‘சீமை எண்ணெய் ௨ (2) புட்டி’. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கடையில் ஏது மண்ணெண்ணெய்! ஆக, 1918.

அது தெரிந்ததும் அந்த மாதப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். புரட்டாசி வரை புளி, மிளகாய், பருப்பு. ஐப்பசியில் பக்கம் பக்கமாக நிலவேம்பு, சுக்கு, திப்பிலி, முக்கால்வாசி கடன். சென்னை மாகாணத்தை இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலுக்கிய மாதங்கள் அவை. பேரேட்டில் காய்ச்சல் என்ற சொல்லே கிடையாது. ஆள் பெயருக்கு எதிரே சரக்கும் பற்றும் மட்டும்.

அடுத்து பின்னக் குறிகள். மாகாணி என்றால் 1/16, ரூபாயில் சரியாக ஓர் அணா, அதுவரை சிக்கலில்லை. காணியும் (1/80) முந்திரியும் (1/320) வரும் நிறுத்தல் கணக்குதான் இழுக்கிறது. அது பிடிபட்டால் ஐப்பசிப் பற்றில் எவ்வளவு தை மாதத்துக்குள் வரவானது என்று கூட்டிப் பார்த்துவிடலாம்.